பழைய லேப்டாப்பில் எச்டி வீடியோ திக்கினால் எங்கே பார்க்க வேண்டும்

லேப்டாப்பில் வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது என்று கடையில் சொன்னால் வரும் முதல் பதில், "ரேம் ஏத்துங்க சார்." அடுத்தது, "எஸ்எஸ்டி மாத்திடுங்க." இரண்டும் நல்ல காரியம்தான். விண்டோஸ் சுறுசுறுப்பாகும், பிரவுசர் சட்டென்று திறக்கும். ஆனால் 1080பி வீடியோ திக்குவது பெரும்பாலும் இவற்றால் நிற்காது. அந்த வீடியோ எந்தக் கோடெக்கில் (சுருக்கும் முறையில்) சுருக்கப்பட்டிருக்கிறதோ, அதை விரிக்கும் மின்சுற்று உங்கள் கிராஃபிக்ஸ் சிப்புக்குள் இருக்காது. அல்லது இருந்தும் பிளேயர் அதைத் தொடாமல் எல்லா வேலையையும் சிபியு தலையில் கட்டிக்கொண்டிருக்கும். பிரச்சினையில் பெரும்பங்கு இந்த இரண்டில் ஒன்று.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 2011 முதல் 2013 வரை வந்த லேப்டாப்கள். இன்டெல் கோர் ஐ3 அல்லது ஐ5, இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 1366×768 திரை. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் சில ஆண்டு லேப்டாப்களுக்கும் ஏறக்குறைய இதே வயது. ஆனால் அவற்றில் ப்ராசஸர் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பெயரைப் பார்த்துக்கொள்வது நல்லது.

முதலில் காதைக் கொடுங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன், திக்கும்போது சத்தம் என்ன ஆகிறது என்று கவனியுங்கள். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

25 ஃப்ரேம் வீடியோவில் ஒரு ஃப்ரேமை விரித்துத் திரையில் வைக்க 40 மில்லிவினாடி கிடைக்கிறது. 60 ஃப்ரேம் என்றால் 16.7 மில்லிவினாடிதான். அதற்குள் முடியாவிட்டால் பிளேயர் அந்த ஃப்ரேமைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததற்குப் போகும். சத்தத்தில் மட்டும் கை வைக்காது. ஏனென்றால் படத்தில் இரண்டு ஃப்ரேம் போனால் கண் பொறுத்துக்கொள்ளும், சத்தம் அறுந்தால் காது பொறுக்காது. ஆகவே சத்தம் சீராக வந்து படம் மட்டும் குதித்தால், டிகோட், அதாவது விரிக்கும் வேலை நேரத்துக்குள் முடியவில்லை என்று பொருள். இதுதான் மிக அதிகம்.

படமும் சத்தமும் ஒன்றாக உறைந்து, சில நொடி கழித்து ஒன்றாகத் தொடர்ந்தால் தரவு வந்து சேரவில்லை. வை-ஃபை, ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் பக்கம் பாருங்கள். சத்தம் கரகரவென்று உடைந்து படமும் சேர்ந்து வெட்டினால், ஏதோ ஒரு டிரைவர் சிபியுவை இடையிடையே பிடித்து நிறுத்துகிறது. பெரும்பாலும் வை-ஃபை கார்டின் டிரைவராக இருக்கும். லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் என்று பெயரோடு காட்டும். பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி அதன் பிறகு திக்க ஆரம்பித்தால், மென்பொருளைத் தொடாதீர்கள். அது சூடு.

எந்தச் சிப்பு எதை விரிக்கும்

இன்டெல்லைப் பொறுத்தவரை கணக்கு இப்படி. இரண்டாம் தலைமுறையின் எச்டி 3000 கிராஃபிக்ஸ் எச்.264 கோடெக்கை 1080பி வரை தானே விரிக்கும். 4கே கொடுத்தால் கைவிரித்துவிடும். மூன்றாம் தலைமுறையின் எச்டி 4000 எச்.264இல் 4கே வரை போகும். நான்காம், ஐந்தாம் தலைமுறைக்கு 2015இல் வந்த டிரைவர்கள் எச்இவிசி (எச்.265), விபி9 என்ற புதிய கோடெக்குகளை பாதி வீடியோ சுற்றிலும் பாதி கிராஃபிக்ஸ் ஷேடர்களிலுமாகச் சமாளித்தன. அதை முழு ஆதரவு என்று நம்பிவிட வேண்டாம். ஆறாம் தலைமுறையில் 8 பிட் எச்இவிசி முழுமையாக வந்தது. ஏழாம் தலைமுறையில் 10 பிட் எச்இவிசியும் விபி9உம் வந்தன. ஏவி1 வந்தது பதினொன்றாம் தலைமுறையில்தான், அதாவது 2020இல்.

ஏஎம்டி லேப்டாப் என்றால் எச்இவிசி 2015இன் கரிஸோ வரிசையிலிருந்து, விபி9 முழுமையாக ரைசன் லேப்டாப் சிப்புகளிலிருந்து. அதற்கு முந்தையவற்றில் எச்.264 மட்டும்.

கோர் 2 டியோ காலத்து லேப்டாப் இன்னும் வைத்திருப்பவர்கள் கிராஃபிக்ஸ் பெயரைப் பாருங்கள். ஜிஎம்ஏ 4500எம்எச்டி என்றிருந்தால் எச்.264ஐ விரிக்கும் சுற்று உண்டு. எக்ஸ்3100, 950 என்றிருந்தால் இல்லை. பின்னவற்றில் 720பியோடு நின்றுவிடுவது மரியாதை. அந்தக் காலத்தில் ஆட்டம் ப்ராசஸர் நெட்புக்குகளுக்காக பிராட்காம் நிறுவனம் கிரிஸ்டல் எச்டி என்று எச்.264 போன்ற வீடியோவை விரிக்க மட்டுமே ஒரு சின்ன மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு விற்றது. முதல் தலைமுறை ஆப்பிள் டிவியில் வை-ஃபை கார்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைச் செருகி 1080பி ஓட்டியவர்களும் உண்டு. இன்று தேடி வாங்கிப் பயனில்லை. ஆனால் டிகோடர் சுற்று இருந்தால் சோம்பேறிச் சிபியுவும் போதும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எந்தத் தலைமுறையானாலும் இன்னொரு பொறி இருக்கிறது. எச்.264இலேயே 10 பிட் என்று ஒரு வகை உண்டு. அனிமே கோப்புகளில் அடிக்கடி வரும். இந்த வயது லேப்டாப்களில் எந்த நிறுவனத்துச் சிப்பும் அதை விரிக்காது. சில கேமராக்கள் எழுதும் 4:2:2 வகை எச்.264உம் அப்படியே. கோப்பின் பெயரில் எச்.264 என்றிருப்பதைப் பார்த்து நம்பிவிடாமல் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். ஃபார்மட் ஏவிசி என்றும், பிட் டெப்த் 8 என்றும், குரோமா சப்சாம்ப்ளிங் 4:2:0 என்றும், புரொஃபைல் ஹை, லெவல் 4.1 அல்லது அதற்குக் கீழ் என்றும் இருந்தால் உங்கள் லேப்டாப்பால் முடியும். ஃபார்மட், பிட் டெப்த், சப்சாம்ப்ளிங் இவற்றில் ஒன்று பிசகினாலும் சிபியுதான் சுமக்க வேண்டும்.

யூடியூப் மட்டும் திக்குகிறதா

ஹார்ட் டிஸ்கில் இருக்கும் 1080பி படம் வழுக்கிக்கொண்டு ஓடும், யூடியூப் 1080பி மட்டும் திக்கும். நெட் ஸ்லோ என்று ரீசார்ஜ் பிளானை மாற்றுவார்கள். ஓடும் வீடியோ மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் தட்டினால் ஒரு கறுப்புப் பெட்டி வரும். அதில் மூன்று வரி போதும்.

ஃப்ரேம்ஸ் வரியில் 'டிராப்ட்' என்று ஓர் எண், 'ஆஃப்' என்று மொத்தம் இன்னோர் எண். ஆரம்பத்தில் நாலைந்து விழுவது சகஜம். ஓட ஓட அது ஏறிக்கொண்டே போனால் டிகோட் பிரச்சினை. பஃபர் ஹெல்த் வரியில் 20, 30 நொடி கையிருப்பு காட்டும்போதும் படம் குதித்தால், நெட்டைத் திட்டுவதில் நியாயமில்லை. கையிருப்பு பூஜ்யத்துக்குப் போய்ச் சுழலும் வட்டம் வந்தால் மட்டுமே நெட். மூன்றாவது, கோடெக்ஸ் வரி. ஏவிசி1 என்று தொடங்கினால் எச்.264. விபி09 என்றால் விபி9. ஏவி01 என்றால் ஏவி1.

பழைய லேப்டாப்பில் பெரும்பாலும் விபி09 அல்லது ஏவி01 என்றுதான் இருக்கும். யூடியூபுக்கு அலைவரிசைச் செலவு அதில் குறைவு, உங்கள் சிபியுவின் வேதனை அதன் கணக்கில் வராது. ஏவி1ஐ மென்பொருளில் விரிக்கும் டேவ்1டி நல்ல வேகமானதுதான். ஆனால் அதன் முழு வேகம் ஏவிஎக்ஸ்2 கட்டளைகளில் இருக்கிறது, அவை 2013இன் நான்காம் தலைமுறையில்தான் வந்தன. இரண்டாம், மூன்றாம் தலைமுறைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வைத்தியம் சுலபம். குரோமுக்கும் ஃபயர்ஃபாக்ஸுக்கும் 'என்ஹான்ஸ்டு எச்264இஃபை' என்று ஓர் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. அதன் அமைப்பில் விபி8, விபி9, ஏவி1 மூன்றையும் தடுக்கும் கட்டங்களை டிக் செய்யுங்கள். 60 ஃப்ரேமைத் தடுக்கும் கட்டமும் உண்டு. முதலில் அதை விட்டுவிட்டுப் பாருங்கள், 1080பி 60இல் இன்னும் விழுந்தால் அதையும் டிக் செய்யலாம். பக்கத்தை ரீலோட் செய்தால் கோடெக்ஸ் வரி ஏவிசி1 ஆகியிருக்கும். தரப் பட்டியலில் 1440பி, 4கே காணாமல் போகும். பயப்பட வேண்டாம், யூடியூப் எச்.264ஐ 1080பி வரைதான் தருகிறது. 768 வரித் திரையில் அவற்றால் ஆகப் போவதும் ஒன்றுமில்லை.

அந்தத் திரையில் 1080பியே வீண்தானே என்று கேட்பவர்கள் உண்டு. புள்ளிக் கணக்கில் சரி. ஆனால் யூடியூப் 720பிக்குக் கொடுக்கும் பிட்ரேட் கஞ்சத்தனமானது, வேகமான காட்சிகளில் கட்டம் கட்டமாக உடையும். சிப்பு விரிக்கிறது என்றால் 1080பி வையுங்கள். விரிக்கவில்லை என்றால் 720பி.

எக்ஸ்டென்ஷன் போட்டும் ஃப்ரேம் விழுந்தால் குரோமின் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் 'யூஸ் கிராஃபிக்ஸ் அக்சலரேஷன் வென் அவைலபிள்' இயங்குகிறதா பாருங்கள். பிறகு குரோமின் உள்பக்கமான ஜிபியு பக்கத்தை (முகவரி chrome://gpu) திறந்தால் வீடியோ டிகோட் என்ற வரி பச்சையில் 'ஹார்ட்வேர் அக்சலரேட்டட்' என்று காட்ட வேண்டும். 'சாஃப்ட்வேர் ஒன்லி' என்றிருந்தால் குரோம் உங்கள் டிரைவரைத் தன் தடைப் பட்டியலில் வைத்திருக்கலாம். ஃபிளாக்ஸ் பக்கத்தில் (chrome://flags) 'ஓவர்ரைடு சாஃப்ட்வேர் ரெண்டரிங் லிஸ்ட்' என்பதை எனேபிள் செய்து பிரவுசரை மீண்டும் திறக்கலாம். திரையில் பச்சைக் கோடுகள், கறுப்பு வீடியோ என்று வந்தால் உடனே பழையபடி வைத்துவிடுங்கள். தடைப் பட்டியல் சும்மா போடப்பட்டதல்ல.

டிரைவரே இல்லாமல் ஓடும் விண்டோஸ்

விண்டோஸ் 10ஐப் புதிதாக ஏற்றிய லேப்டாப்பில் இது அடிக்கடி நடக்கும். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸைத் திறந்தால் இன்டெல் பெயருக்குப் பதில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருக்கும். படம் தெரிகிறது, எல்லாம் ஓடுகிறது, ஆனால் டிகோடர் சுற்றை யாரும் எழுப்பவில்லை. விண்டோஸ் அப்டேட்டில் ஆப்ஷனல் அப்டேட்ஸ், அதற்குள் டிரைவர் அப்டேட்ஸ். அங்கே இன்டெல் டிஸ்ப்ளே என்று ஒன்று காத்திருக்கும். நிறுவிய பிறகு டிரைவர் வெர்ஷன் எச்டி 3000க்கு 9.17.10 என்றும், எச்டி 4000க்கு 10.18.10 என்றும் தொடங்க வேண்டும்.

இன்டெல் தளத்திலிருந்து இறக்கிய இன்ஸ்டாலர் 'இந்தக் கணினிக்கு இந்த டிரைவர் சரிபார்க்கப்படவில்லை' என்று முரண்டு பிடித்தால், ஜிப் கோப்பாக இறக்கி விரித்துக்கொள்ளுங்கள். டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர், 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்', 'லெட் மி பிக்', 'ஹேவ் டிஸ்க்' வழியாகப் போய் அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் ஐஎன்எஃப் கோப்பைக் காட்டினால் ஏற்றுக்கொள்ளும்.

சிப்பு வேலை செய்கிறதா என்று டாஸ்க் மேனேஜரில் பார்க்கப் போனால், இரண்டாம், மூன்றாம் தலைமுறையில் ஜிபியு வரைபடமே வராது. அதற்கு டபிள்யூடிடிஎம் 2.0 வகை டிரைவர் வேண்டும், இவற்றுக்கு அது வரவில்லை. கவலை வேண்டாம், சிபியு சதவீதமே போதும். 1080பி ஓடும்போது 15, 20 சதவீதம் என்றால் சிப்பு சுமக்கிறது. 80க்கு மேல் போய் ஒட்டிக்கொண்டால் சிபியு சுமக்கிறது.

பக்கத்தில் என்விடியா ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் லேப்டாப்களிலும் வீடியோ வழக்கமாக இன்டெல் சிப்பில்தான் ஓடும். இரண்டு சிப்பையும் தேவைக்கேற்ப மாற்றும் ஆப்டிமஸ் ஏற்பாடு அப்படி. இன்டெல் டிரைவரைக் கவனிக்காமல் என்விடியா டிரைவரை மட்டும் புதுப்பித்துக்கொண்டிருப்பது வீண் வேலை.

பிளேயரில் மாற்ற வேண்டியவை

விஎல்சியில் கன்ட்ரோல் பி அழுத்தி இன்புட், கோடெக்ஸ் பக்கம் போங்கள். ஹார்ட்வேர் அக்சலரேட்டட் டிகோடிங் 'ஆட்டோமேடிக்' என்று இருக்கும். இந்த வயது சிப்புகளுக்கு அதை டிஎக்ஸ்விஏ 2.0 என்று மாற்றி, வீடியோ பக்கத்தில் அவுட்புட்டை டைரக்ட்3டி9 ஆக்குவது நல்லது. விஎல்சி தானாகத் தேர்ந்தெடுக்கும் டைரக்ட்3டி11 பழைய டிரைவர்களில் நொண்டும். மாற்றியபின் விஎல்சியை மூடித் திறக்க வேண்டும். சிப்பால் விரிக்கவே முடியாத கோப்பு என்றால் அதே பக்கத்தில் 'ஸ்கிப் எச்.264 இன்-லூப் டீபிளாக்கிங் ஃபில்டர்' என்பதை 'ஆல்' ஆக்குங்கள். படம் கொஞ்சம் கட்டம் கட்டும், ஆனால் சிபியு மூச்சுவிடும். டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷன், அதில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தாவலில் 'லாஸ்ட்' எண்ணிக்கை ஏறுவது நின்றதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

விண்டோஸில் எம்பிசி-எச்சி (மீடியா பிளேயர் கிளாசிக்) என்ற பிளேயர் இன்னும் இலகுவானது. பழைய லேப்டாப்புக்கு அதையே சிபாரிசு செய்யலாம். ஆப்ஷன்ஸில் இன்டர்னல் ஃபில்டர்ஸ், வீடியோ டிகோடர். ஹார்ட்வேர் டிகோடரில் 'டிஎக்ஸ்விஏ2 நேட்டிவ்' தேர்ந்தெடுங்கள். 'காப்பி-பேக்' வேண்டாம். காப்பி-பேக்கில் விரித்த ஃப்ரேம் கிராஃபிக்ஸிலிருந்து ரேமுக்குப் போய், மறுபடி கிராஃபிக்ஸுக்கே திரும்புகிறது. ஒரு 1080பி ஃப்ரேம் சுமார் 3 எம்பி, வினாடிக்கு 60 என்றால் போக ஒருமுறை வர ஒருமுறை கிட்டத்தட்ட 370 எம்பி. ஒற்றை ரேம் ஸ்டிக்கில் உட்கார்ந்திருக்கும் லேப்டாப்புக்கு இந்தப் பயணம் தேவையற்ற தண்டம். அவுட்புட்டை 'என்ஹான்ஸ்டு வீடியோ ரெண்டரர்' என்று வையுங்கள். யாராவது மேட்விஆர் போடச் சொன்னால் கேட்டுக்கொண்டு மறந்துவிடுங்கள். அது இந்தச் சிப்புகளுக்கானதல்ல.

கோடெக் பேக் எதையும் ஏற்றாதீர்கள். மேலே சொன்ன இரண்டு பிளேயருக்கும் அவை தேவையே இல்லை. ஏற்றினால் எந்த ஃபில்டர் எதைப் பிடிக்கிறது என்பதே தெரியாமல் போய், பிறகு கண்டுபிடிப்பது இரட்டிப்பு வேலை.

சூடு

ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கருவியை சென்சார்ஸ் மட்டும் என்று திறந்து வைத்துவிட்டு வீடியோவை ஓட்டுங்கள். சிபியு பேக்கேஜ் வெப்பம் 60, 70 டிகிரியில் நின்றால் ஆரோக்கியம். 90ஐத் தாண்டி, 'தெர்மல் த்ராட்லிங்' வரியில் 'யெஸ்' என்று வந்தால் சிபியு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிட்டது.

ப்ளோயரை வெளியிலிருந்து அடிப்பதால் தற்காலிக நிம்மதிதான். தூசி ஃபேன் இறக்கைகளில் இருப்பது கொஞ்சம். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துணி மாதிரி ஒரு படலமாகப் படிந்திருப்பதுதான் காற்றை அடைக்கிறது. வெளியிலிருந்து அடித்தால் அந்தப் படலம் பின்னால் தள்ளப்பட்டு ஃபேனில் போய் விழும், அடுத்த வாரம் அதே இடத்துக்குத் திரும்பிவிடும். அடித்தே ஆக வேண்டும் என்றால் ஒரு குச்சியால் ஃபேனைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பேரிங் போகும்.

முறையாகச் செய்வதென்றால் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். ஹீட்சிங்க் திருகுகளின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் குத்தியிருக்கும். கழற்றும்போது 4இலிருந்து பின்னோக்கி, மாட்டும்போது 1இலிருந்து முன்னோக்கி. ஒரே திருகை முழுதாக இறுக்காமல், ஒவ்வொன்றாகப் பாதி பாதி இறுக்கிச் சுற்றி வர வேண்டும். ஒரு மூலை முதலில் இறுகினால் மெல்லிய சிலிக்கன் விளிம்பு உடையும். பழைய பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பளபளப்பு தெரியும்வரை துடைத்துவிட்டு, புதுப் பேஸ்டை மிளகளவு நடுவில் வைத்தால் போதும். அழுத்தத்தில் அதுவே பரவும். பக்கத்துச் சிப்புகளின் மேல் ரப்பர் போன்ற தெர்மல் பேட் இருந்தால் அதை எடுத்துவிட்டுப் பேஸ்டால் நிரப்பாதீர்கள். பேட் நிரப்பும் இடைவெளியை பேஸ்ட் எட்டாது.

சூடே இல்லாமல் சிபியு மந்தமாக இருந்தால் டாஸ்க் மேனேஜரில் ஸ்பீடு வரியைப் பாருங்கள். இரண்டாம் தலைமுறையில் 0.8 கிகாஹெர்ட்ஸிலும், மூன்றாம் தலைமுறையில் 1.2 கிகாஹெர்ட்ஸிலும் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது அந்தச் சிப்பின் தரைமட்ட வேகம். மாற்றுச் சார்ஜர் போட்ட டெல் லேப்டாப்களில் இது அடிக்கடி வரும். சார்ஜர் முனையின் நடுவில் இருக்கும் மெல்லிய பின் வழியாகத்தான் அது எத்தனை வாட் என்று லேப்டாப் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. பின் வளைந்திருந்தாலோ உள்கம்பி அறுந்திருந்தாலோ பதில் வராது. லேப்டாப் ஓடும், பேட்டரி சார்ஜ் ஆகாது, சிபியு தரைமட்டத்தில் கிடக்கும். பயாஸில் ஏசி அடாப்டர் 'அன்னோன்' என்று காட்டினால் சந்தேகமே இல்லை. சார்ஜரை மாற்றுங்கள்.

பவர் ஆப்ஷன்ஸில் மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட் 100 என்றிருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சூட்டைக் குறைக்க யாரோ எப்போதோ 50 வைத்துவிட்டு மறந்திருப்பார்கள்.

ரேம், டிஸ்க், வை-ஃபை

ரேம் ஆலோசனையில் உண்மை இருக்கும் இடம் இது. உள்ளிணைந்த கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பங்கு போடுகிறது. டிடிஆர்3 1333 ஸ்டிக் ஒன்று மட்டும் இருந்தால் வினாடிக்கு 10.6 ஜிபி. அதே அளவில் இரண்டாவது ஸ்டிக் போட்டால் இரட்டைச் சேனலில் 21.3 ஜிபி. ஆகவே 8 ஜிபி ஒன்றை வாங்குவதைவிட 4 ஜிபி இரண்டு நல்லது.

ஹார்ட் டிஸ்க் வேகம் போதவில்லை என்பது பெரும்பாலும் தவறு. 10 மெகாபிட் வீடியோவுக்கு வினாடிக்கு 1.25 எம்பி போதும். புளூ-ரே தரத்தின் 40 மெகாபிட்டுக்கும் 5 எம்பிதான். எந்தப் பழைய டிஸ்கும் இதைக் கொடுக்கும், செத்துக்கொண்டிருந்தால் ஒழிய. டிஸ்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 'கரன்ட் பெண்டிங் செக்டர்' எண் பூஜ்யம் இல்லை என்றால் வீடியோவை விட்டுவிட்டு முதலில் ஃபோட்டோக்களை வேறு டிஸ்கில் பிரதி எடுங்கள்.

வை-ஃபையில் 1080பிக்கு யூடியூப் கேட்பது 5 மெகாபிட். இந்த லேப்டாப்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும், ப்ளூடூத்தும் அதே கார்டில், அதே அலைவரிசையில். ப்ளூடூத் இயர்ஃபோன் போட்டால் மட்டும் யூடியூப் நின்று நின்று ஓடினால் வயர் இயர்ஃபோன் போட்டுப் பாருங்கள்.

ஃப்ரேம் விழாமலே திக்குவது

எல்லாம் சரி, டிராப்ட் பூஜ்யம், ஆனாலும் கேமரா மெல்ல நகரும் காட்சியிலும் கடைசியில் பெயர்கள் ஏறும்போதும் படம் நடுங்குகிறது. இது பழுதே அல்ல. சினிமா 24 ஃப்ரேம், திரை 60 ஹெர்ட்ஸ். 60ஐ 24ஆல் வகுத்தால் இரண்டரை. அரைத் தடவை காட்ட முடியாது என்பதால் ஒரு ஃப்ரேம் மூன்று தடவை, அடுத்தது இரண்டு தடவை என்று மாறி மாறி நிற்கிறது. அதாவது 50 மில்லிவினாடி, பிறகு 33. இன்டெல் கிராஃபிக்ஸ் கன்ட்ரோல் பேனலில் ரெஃப்ரெஷ் ரேட் பட்டியலில் 48 இருந்தால் சினிமா பார்க்கும்போது அதை வையுங்கள். 60 மட்டும் இருந்தால் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

டிவியிலிருந்து பதிந்தவையும், பழைய ஹேண்டிகேமில் எடுத்த கல்யாண வீடியோக்களும் 1080ஐ (1080i) என்ற வகை, அதாவது ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் மாறி மாறிப் பதிவது. அசையும் இடங்களில் சீப்புப் பற்கள் போல் கோடு தெரியும். விஎல்சி இவற்றைச் சரிசெய்ய யாடிஃப் 2எக்ஸ் போட்டால் சிபியு தவிக்கும். வீடியோ மெனுவின் டீஇன்டர்லேஸ் மோடில் 'பாப்' அல்லது 'லீனியர்' தேர்ந்தெடுங்கள்.

முடியாத கோப்பை மாற்றிக்கொள்வது

இப்போது கல்யாண ஸ்டூடியோக்காரர்கள் பென் டிரைவில் தரும் 4கே வீடியோவும், ஐஃபோனிலிருந்து வரும் எச்இவிசியும் இந்த லேப்டாப்புக்குப் பெரும்பாலும் எட்டாக்கனி. ஐஃபோன் என்றால் எடுப்பதற்கு முன்பே கேமரா செட்டிங்ஸில் ஃபார்மட்ஸ், 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' வைத்தால் எச்.264இல் பதியும். ஏற்கெனவே எடுத்ததை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் மாற்ற வேண்டும்.

'ஃபாஸ்ட் 1080பி30' பிரீசெட். வீடியோ தாவலில் என்கோடர் எச்.264 எக்ஸ்264, 10 பிட் என்று பெயரில் இல்லாதது. கான்ஸ்டன்ட் குவாலிட்டி 21. புரொஃபைல் ஹை, லெவல் 4.1. 'ஃபாஸ்ட் டிகோட்' என்ற டியூனை டிகோடர் சுற்றே இல்லாத கோர் 2 டியோ வகைக்கு மட்டும் வையுங்கள். அது கேபக் சுருக்கத்தையும் டீபிளாக்கிங்கையும் நிறுத்துகிறது, கோப்பு பருக்கும். மூலம் 1080ஐ என்றால் ஃபில்டர்ஸ் தாவலில் டீஇன்டர்லேஸை மறக்காதீர்கள். பழைய லேப்டாப்பிலேயே மாற்றினால் 4கே ஒரு மணி நேரத்துக்குப் பல மணி நேரம் பிடிக்கும். தெரிந்தவர் வீட்டில் புதிய கணினி இருந்தால் அங்கே கொண்டுபோவது புத்திசாலித்தனம். எம்கேவியை எம்பி4 என்று வெறும் பெட்டி மாற்றும் மென்பொருள்களால் ஒன்றும் ஆகாது, உள்ளே இருக்கும் கோடெக் அப்படியே இருக்கும்.

மாற்றப் பொறுமை இல்லை, வீட்டில் 4கே டிவி இருக்கிறது என்றால் லேப்டாப்பை எச்டிஎம்ஐயில் மாட்டி ஓட்டாதீர்கள், டிகோட் செய்வது அப்போதும் லேப்டாப்தான். பென் டிரைவை டிவியிலேயே செருகுங்கள். டிவியின் சிப்பு எச்இவிசியைச் சுலபமாக விரிக்கும். பென் டிரைவ் ஃபேட்32இல் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறாது. எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள், டிவி அதைப் படிக்கவில்லை என்றால் என்டிஎஃப்எஸ்.